வாசிக்கக் கற்றுக்கொடுத்த மூவர்

தமிழ்நாட்டுக்கு வெளியே பிழைக்க வந்த நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிற ஒரு குறை உண்டு. "பிள்ளைக்குத் தமிழ் பேச வருது, படிக்கத்தான் வரமாட்டேங்குது." அகமதாபாத்தில் நான் துணி வியாபாரம் செய்துவரும் இந்த முப்பத்தைந்து வருஷங்களில் இதைச் சொல்லாத தமிழ்ப் பெற்றோரைப் பார்த்ததில்லை. எழுத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியார் போதும். வாசிப்பைக் கற்றுக்கொடுக்க எழுத்தாளர்கள்தான் வேண்டும். என்னை வாசகனாக்கிய மூன்று பேரைப் பற்றி இந்த மலரில் எழுதுகிறேன். நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து, கூட்டம் இல்லாத நேரத்தில் படித்தவன். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருபவர் கல்கி. என் வயதுக்காரர்கள் பலருக்கும் அவர்தான் முதல்வர். அதற்கு முன்னால் 'அம்புலிமாமா' இருந்தது, வாண்டுமாமாவின் கதைகள் இருந்தன. ஆனால் கெட்டியான புத்தகத்தைக் கையில் எடுத்து, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து போகாமல் உட்காரவைத்தவர் கல்கி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில், வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த 'சிவகாமியின் சபதம்' இருந்தது. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த கதை அது. மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' தொகுதிகளும் இருந்தன. அது 1950இல் தொடங்கிய தொடர்.

கல்கியின் வித்தை எது? சரித்திரம், வர்ணனை, அத்தியாய முடிவில் வைக்கிற முடிச்சு என்று பலரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, வாசகனை அவர் நடத்துகிற மரியாதை. திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிற மாதிரி எழுதுவார். "நாம் போய்ப் பார்ப்போம்" என்கிற தோரணையில் கையைப் பிடித்து அழைத்துப் போவார். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும்போது, அவனைப் போலவே நாமும் சோழநாட்டுக்குப் புதியவர்கள். அவன் தெரிந்துகொள்வதையெல்லாம் அவனோடு சேர்ந்து நாமும் தெரிந்துகொள்கிறோம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே புத்தகம் பொருந்தியதற்கு இதுவே காரணம்.

ஆனால் கல்கியைப் படித்த தமிழ்ச் சமணப் பையனுக்கு ஒரு சங்கடமும் இருந்தது. 'சிவகாமியின் சபத'த்தில் தொடக்கத்திலேயே பரஞ்சோதியோடு காஞ்சிக்கு நடந்து வருகிறவர் நாகநந்தி. அவர் பௌத்த பிக்ஷு, சளுக்கரின் ஒற்றர், கதையின் பெரிய வில்லன். மகேந்திர பல்லவர் முதலில் சமணராக இருந்து, திருநாவுக்கரசரால் சைவரானவர் என்பது கதைக்குப் பின்புலம். பௌத்தம் வேறு, சமணம் வேறு என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியும்? மொட்டைத் தலை, துறவி, அகிம்சை என்றால் எல்லாம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'நாகநந்தி' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். அது போகட்டும், பிள்ளை விளையாட்டு. நிலம் உழுது, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தமிழே பேசி வாழ்கிற ஒரு சமணக் குடும்பமாவது அந்தப் பக்கங்களில் நினைவில் நிற்கும்படி வராதா என்று தேடியது மட்டும் விளையாட்டு இல்லை.

இதனால் கல்கி சமயக் காழ்ப்பு உடையவர் என்று முடிவு கட்டிவிட முடியாது. அவரையே அவரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'பொன்னியின் செல்வ'னுக்கு வரும்போது அவருடைய தராசு வேறு மாதிரி நிற்கிறது. காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழிவர்மரை நாகப்பட்டினம் சூடாமணி விஹாரத்து பிக்ஷுக்கள்தான் காப்பாற்றுகிறார்கள். கடல் பொங்கி விஹாரம் மூழ்கும் இடத்தில் தலைமை பிக்ஷுவின் பாத்திரத்தை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார் என்று படித்தவர்களுக்குத் தெரியும். இராஜராஜன் காலத்தில் அந்த விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக விடப்பட்டதைப் பெரிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. அந்தச் சாசனத்தின் ஈரத்தைக் கல்கி கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். சில வருஷங்களில் ஒரே ஆசிரியரின் பார்வை இப்படி விரிந்தது என்பதைத் திறனாய்வாளர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

அப்படியும் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. கதையின் குந்தவை தேவியை நாம் எல்லோரும் அறிவோம். சாசனத்தின் குந்தவையை எத்தனை பேர் அறிவோம்? திண்டிவனம் அருகே உள்ள தாதாபுரத்தில் அந்த அம்மையார் சிவனுக்கு ஒரு கோயில், பெருமாளுக்கு ஒரு கோயில், ஜினனுக்கு ஒரு கோயில் என்று மூன்று எடுப்பித்தார். மூன்றாவதன் பெயர் குந்தவை ஜினாலயம். போளூர் அருகே திருமலையிலும் குந்தவை பெயரால் ஜினாலயம் உண்டு. இவ்வளவு பரந்த மனசு கொண்ட இளவரசியை வரைந்த கல்கி, இந்த ஒரு வண்ணத்தையும் சேர்த்திருந்தால் சித்திரம் இன்னும் நிறைவாக இருந்திருக்கும். 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்த படத்தைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். படம் முடிந்த இடத்திலிருந்து அவர்களே தேட ஆரம்பிப்பார்கள்.

இரண்டாமவர் உ.வே.சாமிநாதையர். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறையும்போது முற்றுப்பெறாமல் நின்றது. 1950இல் புத்தகமானது. பண்டிதர் எழுதியது, கடினமாக இருக்கும் என்று பயந்துதான் திறந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பாட்டன் பேரனிடம் பேசுகிற எளிமை. இதில்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, 1880இல் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணியைப் படிக்கச் சொல்கிறார். நூலில் சமணச் செய்திகள் புரியவில்லை. அதற்காக ஊரிலிருந்த சமணர்களின் வீடு தேடிப் போகிறார். அந்த வீட்டில் சிந்தாமணி படித்து முடித்ததை ஒரு விசேஷமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். சைவ மரபில் வளர்ந்த அந்தப் பேராசிரியர், சந்திரநாத செட்டியார் போன்ற இல்லறத்தாரிடம் உட்கார்ந்து சந்தேகம் கேட்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சில் வருகிறது.

கல்கியிடம் நான் தேடிய சமண வீடு இங்கே வாசல் திறந்து நிற்கிறது. அந்த வீட்டார் வில்லனும் இல்லை, தெய்வமும் இல்லை. புத்தகம் படிக்கிறவர்கள், கேட்டவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். ஐயர் அவர்களைப் புகழ்ந்து பெரிய வார்த்தை எதுவும் போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினார். கடன்பட்ட இடத்தைப் பெயர் சொல்லி எழுதுகிற அந்த நேர்மைதான் அவருடைய நடைக்கு அழகு. வியாபாரிக்கு இது நன்றாகப் புரியும். யாரிடம் சரக்கு வாங்கினோம் என்பதை மறைக்காத கணக்குத்தான் நல்ல கணக்கு.

மூன்றாமவர் மயிலை சீனி. வேங்கடசாமி. 'கிறித்தவமும் தமிழும்' 1936, 'பௌத்தமும் தமிழும்' 1940, 'சமணமும் தமிழும்' 1954. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே இத்தனையும் எழுதினார். கல்கியின் இனிப்பு இவரிடம் இல்லை. நடை வறட்சிதான், அடுக்கடுக்காகச் செய்திகள்தான். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் சாசனமோ நூலோ சாட்சியாக நிற்கும். நான் சின்ன வயதில் சும்மா ஏறி இறங்கிய குன்றுகளும், பெயர் மட்டும் தெரிந்த ஊர்களும் இவரைப் படித்த பிறகு வரலாறாக மாறின. கல்கி என்னை ஆசைப்பட வைத்தார், ஐயர் நம்ப வைத்தார், இவர் சரிபார்க்க வைத்தார். தனக்குச் சாதகமான செய்தியானாலும் ஆதாரம் கேட்க வேண்டும் என்கிற பழக்கம் இவரிடமிருந்து வந்தது. இன்றைக்குக் கைப்பேசியில் தினமும் நூறு 'சரித்திரம்' வந்து விழுகிறதே, அதற்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

இந்த மூவரையும் தராசில் வைத்து யார் பெரியவர் என்று பார்ப்பது வீண் வேலை. வரிசைதான் முக்கியம். வேங்கடசாமியை முதலில் கொடுத்திருந்தால் நான் ஓடிப்போயிருப்பேன். கல்கியோடு நின்றிருந்தால், மனசுக்குப் பிடித்த கதையையே சரித்திரம் என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். பிடித்த ஆசிரியரிடமும் ஒரு குறையைக் கண்டு, அந்தக் குறையை நிரப்ப அடுத்த புத்தகத்தைத் தேடிப் போவதுதான் வாசிப்பு வளர்கிற வழி.

ஆகவே பெற்றோருக்கு ஒரு யோசனை. தமிழ் எழுத்து திணறுகிற பிள்ளைக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ராத்திரி ஓர் அத்தியாயம் போதும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகி இருபத்தைந்து வருஷம் தாண்டிவிட்டது, மலிவு விலையில் கிடைக்கிறது. முடிச்சு விழுகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். மறுநாள் நீங்கள் கடையிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ வர நேரமானால், பிள்ளை எழுத்துக்கூட்டியாவது அடுத்த பக்கத்தைத் தானே படிக்கப் பார்க்கும். "குந்தவை நிஜமாவே இருந்தாங்களா?" என்று அது கேட்கிற அன்றைக்கு, அடுத்த விடுமுறையில் தாதாபுரம் போக டிக்கெட் எடுங்கள்.