பழைய எஞ்சினும் புதிய வர்ணமும்

லிவர்பூலில் பின்ஸ் சாலையில் இருந்த மெக்கானோ நிறுவனம் 1938-ல் ஹார்ன்பி டப்ளோ ரயில்களைக் கடைகளுக்கு அனுப்பியது. 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய சின்னஞ்சிறு நீராவி எஞ்சின் மாதிரிகள் அவை. அந்தத் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டுவிட்டது, எஞ்சின்கள் பிழைத்திருக்கின்றன. பிரிட்டனில் அவற்றைப் பழுதுபார்த்து மறுவர்ணம் பூசுவது பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு அதுவே பிழைப்பு. இரண்டும் ஒரே மேசையில், ஒரே கையால் நடப்பதால் ஒரே வேலையாகவே எண்ணப்படுகின்றன. ஆனால் பழுதுபார்த்தல் ஒரு பொருளின் வாழ்வை நீட்டுகிறது. மறுவர்ணம் பல நேரங்களில் அது வாழ்ந்த வாழ்வையே துடைத்துவிடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பழுதுபார்த்தலின் பக்கம் நியாயம் மிகுதி. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த எஞ்சினில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மோட்டாரின் காந்தம் வலுவிழந்திருக்கும். அந்தக் கால மோட்டார்களில் சுழலும் பாகமான ஆர்மேச்சரைக் கழற்றும்போது காந்தத்தின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்து வைக்க வேண்டும். விவரம் தெரியாத யாரோ அப்படிச் செய்யாமல் பிரித்திருந்தால், எஞ்சின் கூடுதல் மின்சாரம் இழுக்கும், சூடேறும், ஆனாலும் நான்கு பெட்டிகளை இழுக்கத் திணறும். காந்தத்துக்கு மறுபடி வலுவேற்றி, கார்பன் பிரஷ்களை மாற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அது மீண்டும் ஓடுகிறது. இதில் எதுவும் அழிவதில்லை. கழற்றிய பழைய பாகத்தை எஞ்சினோடு சேர்த்து வைத்தால், அடுத்து வருபவர் விரும்பினால் திரும்பப் பொருத்தலாம். செய்ததை மாற்றிக்கொள்ள இடமிருப்பதுதான் இந்த வேலையின் நேர்மை.

துத்தநாக வார்ப்பு மட்டும் இதற்கு விலக்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்த்த பாகங்கள் சிலவற்றில் துத்தநாகக் கலவையோடு சிறிதளவு ஈயம் கலந்துவிட்டது. அந்தக் கலப்படத்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டு, உப்பி, விரிசல்விட்டுக் கடைசியில் கையோடு உதிர்கிறது. இதற்கு மருந்தில்லை; புதிய வார்ப்பைப் பொருத்துவதுதான் வழி. இங்கே மாற்றுவதைக் குறைசொல்ல முடியாது.

வர்ணத்துக்கு வருவோம். துருப்பிடித்த தகரத்தை அப்படியே விட்டால் துரு தின்றுவிடும். முந்தைய உரிமையாளர் வீட்டுச் சன்னலுக்கு அடித்த பெயின்ட்டையே எஞ்சினுக்கும் அடித்திருந்தால், அதை நீக்குவது நல்லதே. நல்ல கைகள் செய்யும் மறுவர்ணம் வியக்க வைப்பது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கோடு வரையும் பேனாவில் பெயின்ட்டை நிரப்பி, எல்.எம்.எஸ். ரயில் கம்பெனியின் கருஞ்சிவப்பின் மேல் மயிரிழை மஞ்சள் கோட்டை வளைவு பிசகாமல் இழுப்பவரின் திறமை சாதாரணமானதல்ல.

ஆனால் அந்தத் திறமை வாய்த்தவர் சிலரே. டப்ளோ அளவில் எஞ்சின் உண்மையானதில் ஏறத்தாழ 76-ல் ஒரு பங்கு. அதன்மேல் வெறும் 0.1 மில்லிமீட்டர் பெயின்ட் ஏறினால், உண்மையான எஞ்சினில் 7.6 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பியதற்குச் சமம். ரிவிட்டுகள் மழுங்கும், தகடுகளின் விளிம்புகள் உருண்டுபோகும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது உடம்புக்கும் கேடு. இவையெல்லாம் கவனத்தால் தவிர்க்கக்கூடியவை. கவனத்தாலும் தவிர்க்க முடியாத இழப்பு ஒன்றுண்டு: சுரண்டி எடுத்த முதல் வர்ணத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

'சரியான' வர்ணம் எது என்பதிலும் சிக்கல். 'சர் நைஜல் கிரெஸ்லி' எஞ்சினைப் பாருங்கள். எல்.என்.இ.ஆர். ரயில் கம்பெனியில் அது நீல நிறத்தில், 4498 என்ற எண்ணோடு, சக்கரங்களை மறைக்கும் பக்கத் தகடுகளோடு ஓடியது. போர்க்காலத்தில் கறுப்பு பூசினார்கள். பராமரிக்க எளிதாக இருக்கட்டும் என்று தகடுகளையும் கழற்றினார்கள். 1946-ல் எண் 7 ஆனது, பிரிட்டிஷ் ரயில்வே காலத்தில் 60007. பக்கத் தகடில்லாத மாதிரி ஒன்றுக்கு நீலம் பூசி 4498 என்று எழுதினால் வரலாற்றுப் பிழை என்று விவரமறிந்தவர்கள் சீறுவார்கள். அவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. 1966-ல் ஆர்வலர்கள் அந்த நிஜ எஞ்சினையே வாங்கி, தகடுகள் இல்லாமலே, 1950-களில் பொருத்திய இரட்டைப் புகைபோக்கியோடு, நீலம் பூசி 4498 என்று எழுதி ஓட்டினார்கள். அதுவும் இப்போது அந்த எஞ்சினின் வரலாறுதான். ஆகவே எந்த ஆண்டின் தோற்றம் என்று சொல்லாமல் 'அசல் நிறத்துக்குக் கொண்டுவந்தேன்' என்பவரின் பேச்சுக்குப் பொருளில்லை. சந்தையில் இது ஏமாற்றாகவும் முடிகிறது: எளிதில் கிடைக்கும் எஞ்சின் ஒன்று அரிய நிறத்துக்கு மாறி அரிய விலைக்குப் போகிறது. மறுவர்ணம் பூசுபவர் எஞ்சின் கூட்டின் உட்புறத்தில் ஆண்டையும் செய்த வேலையையும் எழுதிவைத்தால் இதைப் பெரிதும் தடுக்கலாம்.

சேகரிப்பாளர்களின் அளவுகோல்தான் என்னை மிகவும் உறுத்துவது. தொழிற்சாலைப் பெயின்ட்டில் கீறல் இருந்தாலும் தொடாதே என்பது அவர்கள் விதி. அதே நிறம் பூசிய அதே எஞ்சின்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. மறுபுறம், 1898-ல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' இதழைப் பார்த்து வீட்டுப் பட்டறையில் எஞ்சின் செய்தவர்கள் ஏராளம். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் அதில் எழுதிய லாரன்ஸ், உண்மையாகவே நிலக்கரி எரித்து ஓடும் சிறு எஞ்சின்களைச் சாதாரண மனிதரும் செய்யும்படி வழிகாட்டினார். அப்படிப் பிறந்த எஞ்சின் ஒன்று விற்பனைக்கு வந்தால், அதன் தூரிகைத் தடம் தெரியும் பச்சையை 'கற்றுக்குட்டி வேலை' என்று சொல்லித் தயக்கமில்லாமல் சுரண்டிவிடுகிறார்கள். செய்தவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அவர் கை அந்தப் பெயின்ட்டில்தான் இருக்கிறது. உலகில் அது ஒரே ஒரு பிரதி. காக்க வேண்டியதன் வரிசை இங்கே தலைகீழாகிக் கிடக்கிறது.

கொதிகலனைச் சோதிக்கத்தான் வர்ணம் போகிறது என்று ஒரு பதில் வரும். சோதனை கட்டாயமானதுதான். பழைய செம்புக் கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பாராமல் நெருப்பு மூட்டுவது ஆபத்து. ஆனால் பல மாதிரிகளில் வர்ணம் இருப்பது கொதிகலன்மீது அல்ல, அதைச் சுற்றிய மெல்லிய மேல்தகட்டின்மீது. பட்டைகளைத் தளர்த்தி அந்தத் தகட்டைத் தனியே எடுத்து வைத்து, சோதனை முடிந்ததும் அதே பச்சையோடு திரும்பச் சுற்றலாம்.