தூக்கிய திருவடியும் வாழ்க்கைப் பாடமும்

தில்லைக் கூத்தனின் திருவுருவத்தைக் கண்டிராத தமிழர் அரியர். கோயிலில் கண்டிராதவரும் நாட்காட்டியிலோ, அருங்காட்சியகத்திலோ, நாட்டிய அரங்கின் மூலையிலோ கண்டிருப்பர். அண்மைக் காலத்தில் இவ்வுருவத்திற்குப் புதியதொரு பயன் ஏற்பட்டுள்ளது. அது வாழ்க்கைப் பாடங்களின் களஞ்சியமாகிவிட்டது. சுற்றி எரியும் தீவளையம் நம்மைச் சூழும் நெருக்கடிகளாம். அதன் நடுவே அமைதி குன்றாத முகம், பதறாமல் இருக்கக் கற்றுத்தருகிறதாம். துடி காலத்தின் அருமையை உணர்த்துகிறதாம். ஊன்றிய கால் கொள்கையில் உறுதியாய் நிற்கச் சொல்கிறதாம். காலடியில் கிடக்கும் முயலகன் நாம் அடக்கவேண்டிய கர்வமாம்.

மேடைச் சொற்பொழிவுகளிலும் தன்முன்னேற்ற நூல்களிலும் நிருவாகப் பயிற்சி வகுப்புகளிலும் இவ்வகை விளக்கங்கள் பெருகியுள்ளன. நம் ஆயர்களுள் சிலரும் சமய நல்லிணக்கத்தை எண்ணி இவற்றைக் கையாளுகின்றனர். பிற சமயத்தாரின் வழிபாட்டுப் பொருளில் குறை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பொருள்கொள்ளும் முறை ஒன்றையே நாம் ஆராய முற்படுகிறோம். அம்முறையில் நாமும் பங்காளிகள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேச நம்மை அழைத்திருந்தனர். கேட்போரில் பெரும்பாலோர் சைவர். அவர்கள் மனம் மகிழும் என்றெண்ணி, கூத்தன் உருவிலிருந்து மாணவர்க்கு ஐந்து பாடங்களை எடுத்துரைத்தோம். கைதட்டலும் கிடைத்தது. விழா முடிந்தபின், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், நெற்றி நிறைய நீறணிந்தவர், நம்மிடம் வந்து மரியாதையோடு பாராட்டினார். பின்பு தயங்கியவாறு ஒன்றைச் சொன்னார்: நாம் கூறிய ஐந்து பாடங்களிலும் ஆடுபவர் மனிதராகவே இருந்தனர், தம் சாத்திரமோ அவ்வாறு சொல்லவில்லை என்பதே அது. உண்மை விளக்கத்தை மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி வேண்டிக்கொண்டார். இறையியல் பட்டத் தேர்வுக்காக ஒருகாலத்தில் படித்த நூலை வெட்கத்தோடு மறுபடியும் எடுத்தோம்.

உண்மை விளக்கம் சொல்வது

சைவ சித்தாந்த மெய்கண்ட சாத்திரங்கள் 14. அவற்றுள் ஒன்றான உண்மை விளக்கத்தை இயற்றியவர் திருவதிகை மனவாசகங்கடந்தார், 13ஆம் நூற்றாண்டினர், மெய்கண்டாரின் மாணவர். மாணவன் வினவ, ஆசிரியர் விடையளிக்கும் முறையில் இந்நூல் அமைந்துள்ளது. கூத்தின் பொருள் யாதென்ற வினாவிற்கு ஆசிரியர் ஐந்தொழில்களைச் சுட்டி விடை கூறுகிறார். துடியில் படைத்தல், அஞ்சேல் என அமைத்த கையில் காத்தல், ஏந்திய தீயில் அழித்தல், ஊன்றிய திருவடியில் மறைத்தல், தூக்கிய திருவடியில் அருளல்.

இதனோடு விளக்கம் நின்றுவிடவில்லை. இக்கூத்தினால் உயிருக்கு நேர்வது யாதென்பதையும் நூல் உரைக்கிறது. மாயை விலக்கப்படுகிறது, வினை எரிக்கப்படுகிறது, மலத்தின் வலிமை ஒடுக்கப்படுகிறது, உயிர் அருளால் எடுக்கப்பட்டுப் பேரின்ப வெள்ளத்தில் ஆழ்த்தப்படுகிறது. இவ்விளக்கத்தின் இலக்கண அமைப்பை மாணவர்கள் கருத்தூன்றி நோக்கவேண்டும். வினைகள் அனைத்திற்கும் எழுவாய் இறைவன். உயிரோ செயப்படுபொருள். கட்டுண்டு கிடக்கும் உயிரின் பொருட்டு நிகழும் மீட்புச் செயலே கூத்து. எப்படி ஆடவேண்டும் என்று உயிருக்குக் கற்றுத்தரும் ஒத்திகையன்று அது.

பாடமாக்கும்போது இழப்பவை

முதலாவதாக, ஆடுபவர் மாறிவிடுகிறார். இறைவன் நின்ற இடத்தில், நெருக்கடியைச் சமாளிக்க முயலும் மனிதன் வந்து நிற்கிறான். வணங்குதற்குரிய உருவம் பின்பற்றுதற்குரிய மாதிரியாகச் சுருங்குகிறது.

இரண்டாவதாக, ஆணவம் என்னும் சொல் பொருள் மாறுகிறது. பேச்சு வழக்கில் ஆணவம் என்பது கர்வம், செருக்கு. சித்தாந்தத்திலோ ஆணவம் என்பது செம்பில் களிம்பு போல உயிரோடு அநாதியாகவே கலந்து நின்று அதன் அறிவை மறைக்கும் மூலமலம். கர்வத்தை ஒருவர் முயன்று அடக்கிக்கொள்ளலாம். மூலமலத்தின் கட்டை உயிர் தானே அவிழ்த்துக்கொள்ள இயலாது, திருவருள் வேண்டும். முயலகன் கொல்லப்படாமல் கீழே அழுத்தப்பட்டுக் கிடப்பதும் கருதத்தக்கது. முத்தி நிலையிலும் மலம் இல்லாமற் போவதில்லை, அதன் ஆற்றலே அடங்குகிறது என்பது சித்தாந்தத்தின் கொள்கை. வாழ்க்கைப் பாடமோ, 'உன் செருக்கை நீயே மிதித்து நில்' என்று கூறி, நோயாளியின் காலையே மருத்துவனின் காலாக்கிவிடுகிறது.

மூன்றாவதாக, மறைத்தல் முற்றிலும் விடுபடுகிறது. படைத்தலைப் புத்தாக்கம் எனலாம். காத்தலைப் பொறுப்பு எனலாம். அழித்தலைத் தீய பழக்கங்களை விடுதல் எனலாம். மறைத்தலுக்கு எந்தப் பாடமும் எளிதில் பொருந்தவில்லை. ஆகவே பேச்சாளர்கள் அதைத் தாண்டிச் செல்கின்றனர். சித்தாந்திகளுக்கோ இது ஆழ்ந்த பொருளுடையது. இறைவன் தன்னை மறைத்துக்கொள்வதும் அருளே. உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவப்படுவதற்காகவே அவன் மறைந்து நிற்கிறான் என்பர். இறைவனைத் தம்மை மறைத்துக்கொள்ளுகிறவர் என்றழைக்கும் ஏசாயா 45:15ஐயும், சிலுவையில் மறைந்து வெளிப்படும் கடவுளைப் பற்றிய லூத்தரின் சிந்தனையையும் கற்ற நாம், இவ்விடத்தில் நின்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

கற்றறிந்தோரின் விளக்கங்களிலும் அழுத்தம் இடம் பெயர்ந்ததுண்டு. ஆனந்த குமாரசுவாமி 1918இல் வெளியிட்ட சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு உண்மை விளக்கத்தை மேலைநாட்டாருக்கு அறிமுகம் செய்தது. அவர் கூத்தை உயிரின் விடுதலையோடும் சேர்த்தே பேசினார். 1975இல் பிரிட்ஜாப் காப்ரா தம் நூலில் அதே நடனத்தை அணுத்துகள்களின் இயக்கத்தோடு ஒப்பிட்டார். 2004இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் இந்திய அரசு அளித்த கூத்தன் சிலை நிறுவப்பட்டது. இவற்றால் உருவத்தின் புகழ் வளர்ந்தது. ஆயினும் கட்டுண்ட உயிரும் தூக்கிய திருவடியும் படிப்படியாகப் பின்னணிக்குச் சென்றன.

நம் பிரசங்க பீடத்தில்

இக்குற்றச்சாட்டைப் பிறர் மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்க இயலாது. தாவீது கோலியாத்தை வென்ற வரலாற்றில் அவன் எடுத்த ஐந்து கூழாங்கற்களுக்கும் ஐந்து நற்பண்புகளின் பெயரிட்டுப் பேசுகிறோம். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியைப் பகிர்ந்துண்ணும் பழக்கத்திற்குச் சான்றாக்கி அமைகிறோம். சிலுவையையே பொறுமைக்கு எடுத்துக்காட்டாக்கிவிடுகிறோம். இவற்றில் கூறப்படும் நற்பண்புகள் பொய்யல்ல. ஆனால் எழுவாய் மாறிவிட்டது. கடவுள் செய்ததை அறிவிக்கவேண்டிய இடத்தில் மனிதன் செய்யவேண்டியதை அறிவுறுத்துகிறோம். நற்செய்தி நல்லுரையாகிறது.

இது ஏட்டளவிலான பிழையன்று. நம் சபையில் ஒரு தாய் தன் ஒரே மகனை விபத்தில் இழந்தார். அடக்க ஆராதனை முடிந்த சில வாரங்களில் மாற்கு 4ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியைப் பற்றிப் பேசினோம். புயலின் நடுவே படகில் உறங்கிய இயேசுவிடம் மன அமைதியைக் கற்றுக்கொள்வோம் என்பதே நம் அருளுரையின் சாரம். ஆராதனைக்குப்பின் வாசலில் அந்தத் தாய் நம் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, எனக்கு அவர் மாதிரி தூங்கத் தெரியல. அவர் எப்ப எழுந்திருப்பாருன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார். விடையளிக்க நமக்கு நா எழவில்லை. சீடர்களும் அப்படகில் கேட்டது அதைத்தானே? மாற்கு எழுதியதும், அவர் எழுந்து காற்றை அதட்டினார் என்பதைத்தானே? நாமோ அவர் எழுந்ததை விட்டுவிட்டு, உறங்கியதைப் பாடமாக்கினோம். அமைதியாக இருக்க வலுவுள்ளவருக்கே அந்த அருளுரை பயன்பட்டது. வலுவற்றவரை அது மேலும் ஒரு சுமையோடு வீட்டிற்கு அனுப்பியது.

ஒற்றுமையும் வேற்றுமையும்

தமிழாசிரியர் திருத்தியதும் அத்தாய் கேட்டதும் ஒன்றையே சுட்டுகின்றன. எனினும் கூத்தும் சிலுவையும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. மெய்யான வேற்றுமைகள் உள்ளன. சித்தாந்தத்தில் கூத்து ஓய்வின்றி நிகழ்வது. சிலுவையோ பொந்தியு பிலாத்துவின் காலத்தில் ஒரே முறை நிகழ்ந்தது. அங்கே மலம் அநாதி. இங்கே பாவம் நல்லதாய்ப் படைக்கப்பட்ட உலகில் புகுந்தது. கூத்தன் மலத்தை மிதித்து நிற்கிறான். கிறிஸ்துவோ மிதிபட்டவராய் நம் பாவத்தைச் சுமக்கிறார். ஆனால் இவ்வேற்றுமைகளை உரையாடலில் முன்வைப்பதற்கு, முதலில் இரு தரப்பும் தத்தம் முழுக்குரலில் பேசவேண்டும். இரண்டையும் நற்பண்புப் பட்டியலாக்கிவிட்டால், ஒன்றுபடுவதற்கும் வேறுபடுவதற்கும் எதுவும் எஞ்சாது. அத்தகைய நல்லிணக்கம் எளிதில் கிட்டும். எவரையும் அது சந்திக்கச் செய்யாது.

1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழரிடம் கேட்டும் அவர்கள் நூல்களைப் படித்தும், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றை 1713இல் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. அவருடைய தீர்ப்புகள் அனைத்தையும் இன்று நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அயலார் தம் தெய்வத்தைப் பற்றித் தாமே கூறுவதைப் பொறுமையாகக் கேட்டெழுத அவர் முனைந்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சிடப்படாமல் கிடந்த அந்நூல் அவருடைய உழைப்பையும், கேட்பதில் திருச்சபை காட்டிய தயக்கத்தையும் ஒருசேர நினைவூட்டுகிறது.

எனவே இறையியல் மாணவர்க்கும் உடன் ஊழியர்க்கும் நாம் கூற விரும்புவது இதுவே. அயலாரின் திருவுருவத்தை எடுத்தாளுமுன், அவர்தம் நூல் அதைப்பற்றிக் கூறுவதைக் கற்போமாக. கற்க நேரமில்லையேல் எடுத்தாளாதிருப்போமாக. அருளுரையை எழுதி முடித்தபின், வினைச்சொற்களின் கீழே கோடிட்டு அவற்றின் எழுவாயைத் தேடுவோமாக. எல்லாவற்றிற்கும் எழுவாய் நாமாகவே இருப்பின், தாளை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்குவோமாக. அறவுரைக்கும் இடமுண்டு. பவுல் அடிகளார் உரோமருக்கு எழுதிய நிருபத்தில் அது 12ஆம் அதிகாரத்தில்தான் விரிவாகத் தொடங்குகிறது. அதற்குமுன் 11 அதிகாரங்கள் கடவுள் செய்ததைப் பற்றியே பேசுகின்றன.

அந்தத் தாய் இன்னும் ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு வருகிறார். அவர் எழுந்திருப்பாரா என்று கேட்கவே வருகிறார். அக்கேள்விக்கு விடை சொல்லவே நாம் பீடம் ஏறுகிறோம்.