தோலாடை தைத்த கை

தமஸ்குவில் பிறந்து, எருசலேமில் துறவியாக வாழ்ந்து, பின்னர் கிரேத்தா தீவின் பேராயரானவர் அந்திரேயா. எட்டாம் நூற்றாண்டில் மறைந்த அவருடைய ‘பெரிய கானோன்’ ஏறக்குறைய 250 சிறு கண்ணிகள் கொண்ட மனந்திரும்புதல் பாடல். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் லெந்து காலத்தின் முதல் வாரத்தில், திங்கள் முதல் வியாழன் வரை இதைப் பகுத்துப் பாடுவார்கள். ஐந்தாம் வார வியாழனுக்குரிய வழிபாட்டில் முழுவதையும் பாடுவார்கள். கண்ணிக்குக் கண்ணி இரக்கம் கேட்கும் ஒரே மன்றாட்டு திரும்பத் திரும்ப வரும்.

இத்தனை நீண்ட பாவ அறிக்கையில் அந்திரேயா செய்த குற்றம் இன்னதென்று ஒன்றைக்கூட நம்மால் காட்ட முடியாது. தன் ஆன்மாவைக் கூப்பிட்டுப் பேசுகிறார் (நெஞ்சொடு கிளத்தல் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இது அந்நியமில்லை). பேச்சில் வருவதெல்லாம் வேதாகமத்தின் மாந்தர். ஏவாள் உள்ளிருந்து ஆசை காட்டும் எண்ணமாகிறாள். கொலை செய்ததாக ஆதியாகமத்தில் சொல்லும் லாமேக்கு கொன்றவர்கள் யார்? தீய செயல்களால் கல்லெறியப்பட்டது அந்திரேயாவின் உடலே, ஆசைகளால் கொலையுண்டது அவருடைய மனமே.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம், கானோனின் உட்பிரிவுகளான பாடல்களில் இரண்டாவதில் வரும் தோலாடை. ஆதியாகமத்தில் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் அதைச் செய்து உடுத்துகிறவர் கடவுள். பரிவான செயல் அது. அந்திரேயா தைக்கும் கையை மாற்றிவிடுகிறார். கடவுள் ஆதியில் நெய்து தந்த ஆடையைப் பாவம் உரித்தெடுத்தது, தோலாடையைத் தைத்து மாட்டியதும் அந்தப் பாவமே என்கிறார். நெய்தவர் ஒருவர், தைத்தது வேறொன்று! நெசவில் இழையோடு இழை சேர்ந்து துணியே பிறக்கிறது. இந்தத் தையலோ செத்த விலங்கின் தோலை ஒட்டுப்போடுகிறது. கறையைக் கழுவினால் போதும் என்றிருந்தவர், உடுத்திப் பழகி உடம்போடு ஒட்டிப்போனதையே கழற்றவேண்டும் என்று இங்கே உணர்கிறார்.

நான்காம் பாடலில் யாக்கோபு வருகிறான். பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் தாங்கி ஆடு மேய்த்து அவன் உழைத்தது இரண்டு பெண்களுக்காக. பிள்ளைகள் பல பெற்ற லேயாள் செயல்; பாடுபட்டுக் கிடைத்த ராகேல் தியானத்தில் பெறும் அறிவு. மனந்திரும்புதலைத் தண்டனையாகவே எண்ணிப் பழகிய நமக்கு, காதலுக்காகப் பட்ட பாட்டை அதற்கு அளவாக வைக்கும் துணிவு வியப்பளிக்கிறது. யாக்கோபு லேயாளைத் தேடிப் போகவில்லை. அவள் அவன் தலையில் கட்டப்பட்டவள். ஆனாலும் அவளிடம்தான் பிள்ளைகள் மிகுதியாகப் பிறந்தார்கள். மனம் ஒட்டாமல் செய்யும் நோன்புக்கும் முழங்கால் வணக்கத்துக்கும் அப்படியொரு மகப்பேறு உண்டென்று நான் வாசித்துக்கொள்கிறேன். அந்திரேயா இதைச் சொல்லவில்லை. அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் எனக்கு இது வந்தது.