அங்காடித் தெருவில் நாம் எங்கே நிற்கிறோம்?

'அங்காடித் தெரு' திரைப்படம் 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. இயக்கியவர் வசந்தபாலன்; உரையாடல் எழுதியவர் நம் மாவட்டத்து எழுத்தாளர் ஜெயமோகன். சென்னைத் தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலுள்ள மாபெரும் கடையொன்றில் வேலைக்குச் சேரும் தென்மாவட்டப் பிள்ளைகளின் கதை அது. படம் வந்த நாளில் திரையரங்கில் கண் கலங்கியோருள் நானும் ஒருவன். அண்மையில் அதை மறுபடியும் பார்த்தபோது கண்ணீருக்கு முன்பாக ஒரு கேள்வி வந்து நின்றது. இந்தக் கதையில் நான் எங்கே இருக்கிறேன்?

கதையை நினைவூட்டச் சில வரிகள் போதும். பள்ளியில் நன்றாகப் படித்த ஜோதிலிங்கம், தந்தை ஆளில்லா இருப்புப்பாதைக் கடவில் அடிபட்டு இறந்துபோக, படிப்பை விட்டு நண்பன் மாரிமுத்துவுடன் கடை வேலைக்குப் போகிறான். கடைக்கு ஆளெடுப்போர் தேடுவது தகப்பனில்லாதவனை, கரையேற்றவேண்டிய தங்கைகள் உள்ளவனை. அத்தகையவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்பது கணக்கு. பின்னர் வருவன நாம் அறிந்தவையே. ஆடுமாடுகளை அடைத்தாற்போல் உறங்குமிடம், பந்திக்கு முந்தவேண்டிய சோற்றுக்கூடம், தாமதமாக வந்தால் கூலிப் பிடித்தம், மேற்பார்வையாளன் கருங்காலியின் அடியும் அதனினும் கொடிய தொடுதலும். உடன் வேலைசெய்யும் கனியோடு ஜோதிலிங்கத்துக்கு உண்டாகும் அன்பே படத்தின் உயிர்நாடி.

இப்படம் வெற்றுக் கற்பனையில் பிறந்ததன்று. 2008 செப்டம்பரில் அதே ரங்கநாதன் தெருவில் ஒரு பெருங்கடை தீப்பற்றி எரிந்தபோது அங்குப் பணிசெய்த இருவர் மாண்டனர். நாளிதழ்களில் செய்தி வந்தது; நாம் படித்தோம்; பரிதாபப்பட்டோம். ஒன்றரை ஆண்டில் படம் வந்தது, அழுதோம். ஆயினும் அடுத்து வந்த தீபாவளிக்கு அத்தெருவில் கூட்டம் குறைந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. அழுத கண்ணும் சேலையைப் புரட்டும் கையும் ஒரே உடலுக்கு உரியவை என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

படத்தின் மிக நுட்பமான சாதனை என்று நான் கருதுவது ஒரு சொல்லின் ஆட்சியை. கடை முதலாளியை எல்லாரும் 'அண்ணாச்சி' என்றே அழைக்கிறார்கள். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் பிறந்தவர்க்கு அச்சொல்லின் இதம் தெரியும். மூத்த உடன்பிறப்பை, ஊர்ப் பெரியவரை, பலசரக்குக் கடைக்காரரை ஒருசேர அணைத்துக்கொள்ளும் சொல் அது. அதே சொல் ஒரு நிறுவனத்தின் வாயிலில் ஏறியவுடன் என்ன ஆகிறது? அண்ணனிடம் கூலிக் கணக்குக் கேட்பது அழகாகுமா? அண்ணன் அடித்தால் வழக்குத் தொடுப்பார் உண்டா? கூலி உறவின்மேல் குருதி உறவைப் போர்த்திவிட்டால் சங்கம், விடுப்பு, வேலைநேரம் ஆகிய சொற்கள் யாவும் நன்றிகெட்ட சொற்களாகிவிடுகின்றன. பழ. கருப்பையா அந்த அண்ணாச்சியாக நடித்த விதத்தில் குரூரம் எதுவும் துருத்தி நிற்பதில்லை. தாம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறோம் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார்.

அவர் மட்டுமா நம்புகிறார்? நம் மக்களின் பொதுக்கருத்தும் ஏறக்குறைய அதுதான். 'வெறுங்கையோடு போய் உழைத்து மேலே வந்தவர். ஆயிரம் குடும்பத்துக்கு அடுப்பெரிகிறது. யாரும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகவில்லையே. பிடிக்காதவன் வேலையை விட்டுவிட்டுப் போகட்டும்' என்ற பேச்சைப் பேருந்திலும் கோவில் முற்றத்திலும் கேட்டிருக்கிறேன். இதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. மழை பொய்த்த தேரிக்காட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் மாதக் கூலியும் சிறிய பொருளல்ல. இங்கேயும் பிள்ளைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கப் பங்குத்தந்தையின் அறைவாசலில் காத்து நிற்கும் தாய்மாருக்கு அக்கடைகள் ஒரு கொடையாகவே தெரிகின்றன. ஆனால் 'அவனே ஒப்புக்கொண்டுதானே வந்தான்' என்ற வாதத்திற்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லேயே 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் விடை கூறிவிட்டார். வேறு வழியின்றி அச்சத்தால் ஏற்றுக்கொண்ட உடன்பாடு உடன்பாடே ஆகாது. மனிதர் இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கும் மேலாக இயற்கை நீதி ஒன்று உண்டு என்பது அவர் போதனையின் சாரம். நம் மறைக்கல்வி வகுப்புகளில் இதை ஒருநாளேனும் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா என்பது வேறு கதை.

இனிப் படத்தின் மேல் எனக்குள்ள குறை. கொடுமை முழுவதும் கருங்காலி, அண்ணாச்சி என்னும் இருவர் தோள்மீது ஏற்றப்பட்டுவிடுகிறது. பார்ப்பவர் வெறுக்க இரண்டு முகங்கள் கிடைத்துவிட்டன. வெறுத்து முடித்ததும் நிம்மதியாக வீடு திரும்பலாம். ரங்கநாதன் தெருவின் நடைபாதை மனிதர்களையெல்லாம் இத்துணை அன்போடு கூர்ந்து நோக்கிய படம், அத்தெருவுக்கு நாள்தோறும் ஆயிரமாயிரமாய் வந்து போகிற ஒருவரை மட்டும் கூர்ந்து நோக்கவில்லை. அவர் வாங்குகிறவர். படத்தில் அவர் கூட்டமாக வருகிறார்; வெள்ளமாகப் பாய்கிறார்; நினைவில் நிற்கும்படி ஒரு முகமும் அவருக்கு இல்லை. மலிவுக்காகவே அக்கடை இருக்கிறது. அந்த மலிவு நமக்காகவே இருக்கிறது. சென்ற ஆண்டு கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த வாரத்தில், கிறிஸ்துமஸ் துணி எடுக்க நாகர்கோவிலில் ஒரு பெரிய கடைக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். ஒரு மணி நேரம் ஒரு பெண் எங்களுக்காகச் சேலைகளை விரித்துக்கொண்டே இருந்தாள். நாற்பதாவது இருக்கும், அப்போது எழுந்து, 'வேறு இடத்தில் பார்க்கலாம்' என்றோம். அவள் சிரித்தபடியே மடிக்கத் தொடங்கினாள். அங்கே கருங்காலி எவனும் இல்லை, நாங்கள் இருந்தோம்.

இவ்விடத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலாவின் நாவல் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. (ஒரு காலத்தில் திருச்சபை தடைசெய்த நூற்பட்டியலில் இவருடைய நூல்கள் யாவும் இருந்தன, 1966-இல் அப்பட்டியலே வலுவிழந்துவிட்டதால், இப்பக்கங்களில் அவர் பெயரைச் சொல்ல ஆசிரியர் குழு அனுமதிக்கும் என நம்புகிறேன்.) 1883-இல் வெளிவந்த அந்நாவலின் பெயரைப் 'பெண்களின் பேரின்பம்' என்று தமிழாக்கலாம். பாரிசிலுள்ள மாபெரும் துணிக்கடையொன்றின் பெயர் அது. பெற்றோரை இழந்த தெனீஸ் என்ற பெண் இரண்டு தம்பியரோடு சிற்றூரிலிருந்து அக்கடைக்கு வருகிறாள். கடையின் உச்சிமாடத்தில் குளிரில் நடுங்கும் சிற்றறைகளில் பெண்கள் உறங்குகிறார்கள். வியாபாரம் மந்தமானால் கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்படுகிறார்கள். ஜோதிலிங்கத்தின் கதைக்கும் தெனீஸின் கதைக்கும் இடையே நூற்றிருபத்தேழு ஆண்டுகள். இடையில் எத்தனை குறைவாக மாறியிருக்கிறது என்பது வியப்பு.

எனினும் ஸோலா ஒன்றைச் செய்தார். வாங்கவரும் பெண்களுக்குப் பெயரும் முகமும் தந்தார். பள்ளி ஆசிரியரான கணவனின் வருமானத்தைப் பட்டிலும் நாடாவிலும் கரைத்து அவனை அழிக்கும் மார்த்தி சீமாட்டி. ஆசை அடக்கமாட்டாமல் மென்சரிகைத் துணியைத் திருடிப் பிடிபடும் போவ் சீமாட்டி. இவர்களுடைய விரல்நுனியின் தினவை வைத்தே முதலாளி மூரே தன் பேரரசைக் கட்டுகிறான். யார் வேட்டைக்காரன், யார் இரை என்பது படிப்பவர்க்குக் குழம்பிப்போகும். அந்தக் குழப்பமே நாவலின் அறம். தெனீஸ் முதலாளியை மணப்பதாக முடித்திருப்பது எனக்கு உவப்பில்லாத முடிவு. ஆயினும் அதற்குள் அவர் நம்மைக் கண்ணாடிமுன் நிறுத்தி விடுகிறார். 'அங்காடித் தெரு' நமக்குச் சன்னலைத் திறந்து காட்டியது. கண்ணாடி காட்டவில்லை.

படத்தின் முடிவு குறித்தும் ஒரு சொல். வேலையை இழந்து நடைபாதையில் உறங்கும் இரவில், விபத்தில் கனி கால்களை இழக்கிறாள்; ஜோதிலிங்கம் அவளையே மணக்கிறான். உருக்கமான முடிவுதான். ஆனால் கால்களைப் பறிப்பதற்கு லாரி தேவையில்லை. நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் பெண்ணின் கால் நரம்புகள் முடிச்சிட்டுப் புடைப்பதும் பாதம் வீங்குவதும் விபத்தல்ல, அன்றாடம். விதியின் பெயரால் ஒரு கணத்தில் நிகழ்வதைக் காட்டிய கலை, ஒழுங்கின் பெயரால் ஆண்டுக்கணக்கில் நிகழ்வதைக் காட்டியிருந்தால் இன்னும் பெரிதாகியிருக்கும்.

அந்தப் பணியைக் கலைஞர் அல்லாத ஒருவர் செய்தார். கோழிக்கோட்டில் தையற்காரராக இருந்த விஜி என்ற பெண், 'பெண்கூட்டு' என்னும் அமைப்பின்வழி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டினார். முதற் கோரிக்கை கழிப்பறை. பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் தாகத்தை அடக்கி நின்ற பெண்களின் கோரிக்கை அது. அடுத்தது உட்காரும் உரிமை. 2014 இறுதியில் திருச்சூரின் பெரிய சேலைக் கடை ஒன்றின் பெண்களும் இதற்காகத் தெருவில் அமர்ந்து போராடினர். 2018-இல் கேரள அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு எல்லாப் பணியாளர்க்கும் இருக்கை வேண்டும் என்றானது 2021-இல். ஆக மூன்று ஆண்டுகள் களியக்காவிளைக்கு மேற்கே உட்காருவது உரிமை; கிழக்கே அது முதலாளியின் கருணை. இங்கிலாந்தில் மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தது 1899-இல், பிரான்சில் 1900-இல்.

வாடிக்கையாளர் எவரும் இல்லாத வேளையிலும் ஏன் நிற்கவேண்டும்? எண்ணிப் பார்த்தால் அந்த நிற்பு வேலையே அன்று, மரியாதை. யார்முன் யார் உட்காரலாம், யார் எதை உடுத்தலாம் என்ற கணக்கு நம் மண்ணுக்குப் புதிதல்ல. தோள்சீலை அணிந்த பெண்கள் இங்கே சந்தைவெளிகளில் வைத்தே அவமதிக்கப்பட்டார்கள். 1859-இல் உத்திரம் திருநாள் மன்னரின் அறிவிப்பு வரும்வரை எத்தனை அடி, எத்தனை வழக்கு! அப்பெண்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று துணிக்கடைகளில் பிறர்க்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் 'மறைமுக முதலாளி' என்றொரு கருத்தைத் தருகிறார். நேரடியாகக் கூலி கொடுப்பவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதைப் பின்னிருந்து தீர்மானிக்கும் எல்லாரும் எல்லாமும் அதில் அடங்கும். அவர் முதன்மையாக அரசையே கருதினார். நான் அதைச் சேலை வாங்கும் என் குடும்பத்துக்கும் நீட்டிப் பார்க்கிறேன். பதினாறாம் ஆசிர்வாதப்பரும் 2009-இல், வாங்குதல் என்பது எப்போதும் ஓர் ஒழுக்கச் செயல் என்று நினைவுறுத்தியிருக்கிறார்.

பொங்கலுக்கு முன் அதே கடைக்கு மறுபடி போக நேர்ந்தது. விற்பனை மேசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று கிடந்தது. சட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன்மேல் பிரிக்காத சட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். 'உட்காரக் கூடாதாம்மா?' என்று கேட்டேன். தளத்தின் மறுகோடியில் நின்ற மேற்பார்வையாளரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, 'என்ன வேணும் சார்?' என்றாள்.