ஷோகேஸும் சொந்த ரசனையும்

“டிரெண்டுக்குப் பின்னால் ஓடாதீர்கள், வீட்டை உங்கள் ரசனைப்படி அமையுங்கள்” என்று சொல்லாத இன்டீரியர்காரர் இன்று இல்லை. சொல்கிறவர்களே டிரெண்டையும் விற்கிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அறிவுரையில் பாதி நியாயம்தான். பக்கத்து ஃபிளாட்டில் சாம்பல் நிறம் அடித்தார்கள் என்று நாமும் அடித்து, அது சலித்ததும் சுரண்டிவிட்டு வேறு நிறம் ஏற்றுவது தண்டச் செலவு. மறுபாதிதான் உதைக்கிறது. ரசனை என்ற ஒன்று நம்மிடம் முழுசாகத் தயாராக இருப்பதுபோலவும், கிரகப்பிரவேசத்துக்குள் அதைச் சுவரில் ஏற்றிவிடலாம் என்பதுபோலவும் இந்தப் பேச்சு போகிறது. 45 நாளில் வேலையை முடித்துச் சாவி தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. அந்த 45 நாளில் அலமாரி வரும், விளக்கு வரும். குடியிருப்பவர்களின் சாயல் வராது. அது புழங்கி, சேர்த்து, கழித்து, வருஷக்கணக்கில் படிவது.

1980, 90களின் நடுத்தர வர்க்க ஹாலை எடுத்துக்கொள்வோம். சுவரோடு பதித்து, நகர்த்தும் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். டிரெண்டுக்கு அதைப்போல அடிமையான பொருள் வேறில்லை; தெருவில் ஒரு வீட்டில் வந்தால் மேஸ்திரியும் தச்சரும் அடுத்த பத்து வீட்டிலும் அதையே வைத்தார்கள். உள்ளே என்ன இருந்தது? தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, பெயர் எழுதி வாங்கிய கன்னியாகுமரிச் சங்கு, பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கப், துபாய் போன மாமா கொண்டுவந்த வாசனைத் திரவியத்தின் காலிப் புட்டி, மதியப் பொழுதில் யாரோ ஒயரில் பின்னிய கிளி. வாசற்படிக்கு மேலே, முன்னால் சாய்த்து மாட்டிய தாத்தா படம். பிளாஸ்டிக் மாலை, சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அழகு என்று பார்த்தால் இதற்காக வாதாடுவது கஷ்டம். தூசு துடைக்க மாளாது. ஷோகேஸின் கண்ணாடிக் கதவு பாதியில் சிக்கும். ஆனால் தட்டுகள் ஊருக்குப் பொது என்றாலும், தட்டில் இருந்தவற்றைக் கொண்டு அது யார் வீடு என்று சொல்லிவிடலாம். ‘தனித்துவமான’ இன்றைய ஹாலில் அதைச் சொல்ல முடிவதில்லை.

டிரெண்டை வெறுப்பவர்கள் அடுத்துப் போய் நிற்கும் இடம் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் கிடைக்கின்றன. ஆத்தங்குடிக் கல் சென்னை ஃபிளாட்டுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இதற்கு வேர்களுக்குத் திரும்புவது என்று பெயர். ஆனால் அந்த நகரத்தார் வீடுகளில் பார்த்தால் பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி! பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவியில் பொருள் ஈட்டியவர்கள், அன்றைய உலகச் சந்தையில் எது மோஸ்தரோ அதை வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஆகவே டிரெண்டைத் தொட்டதால் அந்த வீடுகள் கெட்டுவிடவில்லை. வந்தவர் உட்காரத் திண்ணை, கல்யாணம் நடத்த முற்றமும் வளவும், மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று குடும்பம் நடக்கும் விதம் முதலில் இருந்தது. வாங்கிவந்த பொருள் அதற்குள் போய் அமர்ந்தது. இன்று தூண் மட்டும் தனியாக வருகிறது, எதையும் தாங்காமல், டிவிக்குப் பக்கத்தில் நிற்க. ஆத்தங்குடிக் கல்லின் கதையும் இப்படித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்டைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, சூளை கிடையாது. காலும் துடைப்பும் பட்டுப் பட்டுத்தான் அதன் மெருகு கூடும். ஆள் நடமாடாத மூலையில் பதித்தால் அது வெறும் படம்.

டிரெண்டை நிச்சயமாக மறுக்க வேண்டிய இடங்களும் உண்டு. தேசியக் கட்டட விதித் தொகுப்பு குடியிருப்பு அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. அதை ஒட்டியே கட்டிய ஹாலில் அரையடி இறக்கி ஃபால்ஸ் சீலிங் போட்டால், மின்விசிறி தலைக்கு இறங்கும், வெக்கையும் இறங்கும். ஓபன் கிச்சனும் அப்படியே. மிளகாய் தாளிக்கும் வீட்டில் அந்த நெடி சோபா துணிவரை போய்த் தங்கும். இங்கே கேள்வி ரசனையைப் பற்றியதே இல்லை; வெயிலையும் சமையலையும் பற்றியது.

எதிர்வாதங்கள் லேசானவை அல்ல. டிரெண்டில் இருப்பது மலிவு, சீக்கிரம் கிடைக்கும், வீட்டை விற்கும்போதும் உதவும் என்பார்கள். உண்மை. ‘ஆணி அடிக்கக் கூடாது’ என்ற நிபந்தனையோடு குடியிருப்பவரிடம் சொந்த ரசனையைப் பற்றிப் பேசுவது கேலி. இன்னொன்று இதைவிடக் கனமானது: ரசனை என்பதே சொந்தமா? பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் வெளியிட்ட நூலில், நமக்குப் பிடிப்பதும் பிடிக்காததும் பெருமளவு வர்க்கமும் வளர்ப்பும் கொடுத்தவை என்று காட்டினார். இதை ஏற்கலாம். பிடித்தம் வெளியிலிருந்தே வரட்டும். ஆனால் வெளியிலிருந்து வந்த ஷோகேஸில் ஒயர்க் கிளி எப்படி ஏறியது என்பதற்கு வர்க்கம் மட்டும் பதில் ஆகாது. எனக்கு உறுத்துவது வேறு. ‘உங்கள் ரசனை’ என்னும்போது அந்த ‘உங்கள்’ யார்? பெரும்பாலும் இ.எம்.ஐ. கட்டுபவர், அல்லது டிசைனரிடம் சரளமாகப் பேசத் தெரிந்தவர். மாமியாரின் சாமி படங்கள் ஸ்டைலுக்கு ஒத்துவரவில்லை என்று லாஃப்டுக்குப் போகின்றன. பிள்ளை சுவரில் ஒட்டிய கிரிக்கெட் போஸ்டர் உரிக்கப்படுகிறது. டிரெண்டின் கெடுபிடிக்குப் பதில் ஒரே ஒருவரின் கெடுபிடி வந்தால், மற்றவர்களுக்கு அதில் என்ன லாபம்?

வீடு கட்டுகிறவர்களும் ஃபிளாட் வாங்குகிறவர்களும் இன்டீரியர் வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒன்று செய்யுங்கள். ஹாலில் ஒரு சுவரையாவது ஒன்றும் பதிக்காமல் விடச் சொல்லுங்கள். கொலு வைக்கும் வீடாக இருந்தால் ஒன்பது படிக்கு இடம் இருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்துவிடுங்கள். லாஃப்டுக்குப் போகவிருக்கும் படங்கள் யாருடையவை என்று அவரிடமே கேளுங்கள்.