அரங்கம் கற்றவர் எங்கே போவார்?

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கோடை பிறந்தால் பாரதக் கூத்தும் தொடங்கிவிடும். இரவெல்லாம் ஆடிய கூத்தர்கள் துரியோதனன் படுகளத்தை முடித்து முகப்பூச்சைக் கழுவும்போது வெயில் ஏறியிருக்கும். அவர்களுக்குக் கல்லூரி இல்லை, வாத்தியார் உண்டு. பட்டம் இல்லை, ஊரார் வழங்கிய பெயர் உண்டு. ஆயினும் அதே ஊரிலிருந்து ஒரு பிள்ளை, “பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கப் போகிறேன்” என்று சொன்னால், வீட்டில் எழும் முதற் கேள்வி, “படித்துவிட்டுச் சோற்றுக்கு என்ன செய்வாய்?” என்பதே. அக்கேள்வியை நாம் இகழ்ந்துவிடலாகாது. ஏழைப் பெற்றோரின் அச்சத்திலிருந்து பிறந்த கேள்வி அது.

நாடகத்துறைகள் இதற்கு இருவகையில் விடை சொல்ல முயல்கின்றன. ஒன்று, முன்னாள் மாணவரை அழைத்து நடத்தும் அனுபவப் பகிர்வு. மற்றொன்று, மாணவர்கள் நிகழ்த்தும் மேடை நாடகம். முன்னது பிழைப்புக்கு வழி காட்டுகிறது. பின்னது கலைக்குச் சான்றாகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நடைபெறுவதே என் மனக்குறை.

அனுபவப் பகிர்வு என்றவுடன் திரைப்படத்துக்குச் சென்றவரையே நம் கண்கள் தேடுகின்றன. இதில் புதுமையில்லை, குற்றமுமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடக சபையில் பயின்ற தி. க. சண்முகம் சகோதரர்கள் பின்னாளில் திரையிலும் தோன்றினார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. ஆனால் பலர் முட்டி மோதும் வாசலில் ஒருவர் நுழைந்த கதையை மட்டும் சொல்லி அனுப்புவது வழிகாட்டல் ஆகாது. வெளியே நின்றுவிட்டவரின் கதையையும் மாணவன் கேட்டாக வேண்டும்.

அந்தச் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கீழ்பென்னாத்தூரில் பேருந்தேறி, செஞ்சி, திண்டிவனம் வழியே சென்றால் ஒரு முற்பகலில் அங்கே போய்ச் சேரலாம். ‘நந்தன் கதை’ எழுதிய இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநர். நாட்டுப்புறப் பாடகராகவும் ஆய்வாளராகவும் விளங்கிய கே. ஏ. குணசேகரன் அங்கே பேராசிரியராக இருந்தவர். ஒடுக்கப்பட்டோரின் துயரை நேராகப் பேசும் ‘பலி ஆடுகள்’ நாடகம் அவர் எழுதியது. சிற்றூரின் பாட்டும் வடுவும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியும் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சே. இராமானுஜம் செய்ததும் நினைக்கத்தக்கது. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற அவர், 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறைக்கு முன்னின்றவர். போரில் கணவரையும் மக்களையும் இழந்த பெண்களைப் பற்றிய யூரிப்பிடீசின் கிரேக்க நாடகத்தை அவர் ‘வெறியாட்டம்’ எனத் தமிழில் அமைத்தபோது, அப்பெண்களின் புலம்பலுக்கு நம் ஒப்பாரியை உருவமாகக் கொண்டார். அயல்நாட்டு நாடகத்தை அப்படியே பெயர்த்து ஒப்புவித்திருந்தால் அது பாடப்பயிற்சியாக நின்றிருக்கும். இழவு வீட்டில் நம் பாட்டிமார் மாரடித்துப் பாடும் குரலை அதில் சேர்த்ததால் அது நம் துயரமும் ஆயிற்று. நாடகம் கற்றவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை உண்டா?

எனினும் கலை தந்த விடை வயிற்றுக்குப் போதாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். அரசுப் பள்ளிகளில் இசைக்கும் ஓவியத்துக்கும் தையலுக்கும் ஆசிரியர் உண்டு. நாடகத்துக்கெனப் பணியிடம் இல்லை. 2022 முதல் அப்பள்ளிகளில் கலைத்திருவிழா நடைபெறுகிறது. பிள்ளைகள் ஆவலோடு மேடையேறுகிறார்கள். அவர்களைப் பயிற்றுவிக்க, நாடகமே கற்ற ஒருவர் பள்ளியில் இல்லை. கற்றவரோ வேலையின்றி இருக்கிறார். இந்த முரண்பாட்டைப் பேசாத அனுபவப் பகிர்வு வெறும் பாராட்டு விழாவே.

ஆகவே பகிர்வு மேடையில் மூவரையேனும் சேர்த்து அமர்த்த வேண்டும். திரைக்குச் சென்றவர் ஒருவர். ஊருக்குத் திரும்பிச் சிறு குழு நடத்துபவர் ஒருவர். கலையை விட்டு வேறு வேலை பார்ப்பவர் ஒருவர். ஒவ்வொருவரும் தம் வருவாயை மறைக்காமல் சொல்லட்டும். அவ்வாறே, மாணவர் நாடகமும் வளாகத்து அரங்கில் மதிப்பெண் பெற்றதோடு முடிந்துவிடலாகாது. கூத்து நடக்கும் ஊரில் ஓரிரவேனும் அது நிகழட்டும். விடியும்வரை விழித்திருந்து பழகிய கூட்டத்தைவிடக் கண்டிப்பான தேர்வாளர் வேறெவரும் இல்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. தவக்காலம் வந்தால் நம் பங்குகளில் பாஸ்கா நாடகம் நடத்துகிறோம். ஒளிக்கும் ஒலிக்கும் பந்தலுக்கும் வாடகை கொடுக்கிறோம். இளைஞரைப் பயிற்றுவிப்பவருக்கோ பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். நாடகம் பயின்ற ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ அழைத்து, உழைப்புக்குரிய ஊதியம் தந்து, அப்பொறுப்பை ஒப்படைத்தால் என்ன? “சோற்றுக்கு என்ன செய்வாய்?” என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தச் சோற்றில் ஒரு பிடியையேனும் இடும் கடமையும் நமக்கு உண்டு.