கட்டைவிரலுக்குக் கட்டுப்படுமா படை?

நிகழ்நேர வியூக விளையாட்டுகள் கன்சோலில் எடுபடாது என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், அங்கே மவுஸ் இல்லை என்பது. அதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் கார்டு, இங்கிலிஷ், பர் ஆகிய மூவர், திரையில் ஓரிடத்தைச் சுட்டுவதற்கு எந்தக் கருவி சிறந்தது என்று அளந்து 1978-இல் முடிவை வெளியிட்டார்கள். வேகத்திலும் துல்லியத்திலும் ஜாய்ஸ்டிக்கை மவுஸ் முந்தியிருந்தது. மவுஸில் கை எவ்வளவு நகர்கிறதோ அதற்கேற்ற தூரம் அம்புக்குறியும் நகர்கிறது. கை நின்றால் குறியும் நிற்கிறது. ஸ்டிக் தூரத்தைச் சொல்வதில்லை, வேகத்தைச் சொல்கிறது. சாய்க்கச் சாய்க்கக் குறி ஓடும். சரியான கணத்தில் விட்டால்தான் வேண்டிய இடத்தில் நிற்கும்.

குறிபார்ப்பது மட்டுமே சிக்கலாக இருந்திருந்தால் அதை எப்போதோ தீர்த்திருப்பார்கள். இந்த வகை விளையாட்டின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரைக் கவனியுங்கள். அவருடைய குடிமக்களில் சிலர் மரம் வெட்டுகிறார்கள், சிலர் வயலில், சிலர் தங்கச் சுரங்கத்தில். குதிரைவீரன் ஒருவன் எதிரியின் எல்லையில் உளவு பார்க்கிறான். நாலைந்து வில்லாளிகள் எதிரியின் மரவெட்டிகளைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை இடங்களுக்கும் அவர் மாறி மாறித் தாவுகிறார். மினிமேப்பில் ஒரு கிளிக், கீபோர்டில் ஓர் எண், அவ்வளவுதான். மரமும் தங்கமும் தீர்ந்தால் தேடிக்கொள்ளலாம். சிதறிக் கிடக்கும் களத்தில் கவனத்தை எங்கே செலவிடுவது என்பதில்தான் வெற்றி தீர்மானமாகிறது. ஆகவே ஒரு கன்சோல் பதிப்பிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: அவ்வளவு விரைவாகத் தாவ முடியாத ஆட்டக்காரரின் கவனத்தை அது எதற்காகச் செலவிட வைக்கிறது?

இந்தக் கேள்வியையே கேட்காமல் செய்யப்பட்ட பதிப்புகள்தான் தொடக்க காலத்தில் அதிகம். 2000-இல் நின்டெண்டோ 64-க்கு வந்த ஸ்டார்கிராஃப்ட் 64 அவற்றில் ஒன்று. கணினியில் மவுஸால் செய்த அதே வேலைகளைப் பொத்தான்களால் செய்யச் சொன்னது. இருவர் ஆட வேண்டுமென்றால் தொலைக்காட்சித் திரையை இரண்டாகப் பிரித்தது. எதிரி எங்கே என்ன கட்டுகிறான் என்பது தெரியாமல் தவிப்பதுதான் ஸ்டார்கிராஃப்டின் பாதிப் பதற்றம். அது பக்கத்துக் கட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது. களத்தை மூடியிருக்கும் இருளுக்கு அங்கே பொருளில்லை.

ஹாலோ வார்ஸ் கேள்வியை நேர்மையாக எதிர்கொண்டது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் தொடரையே உருவாக்கிய என்சம்பிள் ஸ்டூடியோஸ், எக்ஸ்பாக்ஸ் 360-க்காகவே திட்டமிட்டுச் செய்த விளையாட்டு அது. 2009 தொடக்கத்தில் அது கடைக்கு வருவதற்குள் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே மூடிவிட்டது; அந்த இழப்பை இன்றும் பெரிதாகவே நினைக்கிறேன். ஏனென்றால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அவர்கள் ஆழமாக யோசித்திருந்தார்கள். கட்டடங்களை விரும்பிய இடத்தில் கட்ட முடியாது; குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தளம் அமையும், தளத்தைச் சுற்றி அதிகபட்சம் 7 கட்டடங்கள். வளம் சேகரிக்க ஆள் அனுப்ப வேண்டியதில்லை. சப்ளை பேடு என்ற கட்டடம் தானாகத் தந்துகொண்டிருக்கும். கன்ட்ரோலரின் மேல்விளிம்பில் ஒரு பொத்தான் களத்திலுள்ள எல்லாப் படையையும் தேர்ந்தெடுக்கும், இன்னொன்று திரையில் தெரியும் படையை மட்டும். கட்டளைகள் வட்டமான மெனுவாக விரியும். ஸ்டிக்கைத் திசை பார்த்துச் சாய்த்தால் போதும். சில நிமிடங்களில் கை பழகிவிடும். கன்ட்ரோலரை நினைக்காமல் போரை நினைக்கிறோம். இது சிறிய சாதனையில்லை.

அதன் விலையும் பெரிது. எங்கே கட்டுவது என்பதே ஒரு வியூகம். குறுகலான வழியில் சுவர் எழுப்புவது, எதிரியின் வாசலருகே ரகசியமாகக் கோபுரம் நிறுத்துவது, கட்டடங்களின் இடைவெளியில் எதிரியைச் சிக்கவைப்பது எல்லாம் ஹாலோ வார்ஸில் இல்லை. 'எல்லாப் படையும்' என்ற பொத்தான் கைக்கு அவ்வளவு எளிதாக வருவதால், பெரும்பாலான சண்டைகள் ஒரே திரளை வரைபடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளுவதாகவே முடிகின்றன. படையைப் பிரிப்பவனுக்குப் பரிசு கிடைக்க வேண்டிய விளையாட்டில், பிரிக்காமல் இருப்பதே வசதி என்று கருவி சொல்லிக்கொடுக்கிறது. 2017-இல் வந்த ஹாலோ வார்ஸ் 2, படைக் குழுக்களை டி-பேடின் திசைகளுக்கு ஒதுக்கும் வழியைக் கொடுத்து இதை ஓரளவு சரிசெய்தது.

என்னை அதிகம் கவர்ந்த தீர்வு 2023 ஜனவரியில் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எதையும் வெட்டவில்லை. அதே வரைபடம், அதே சுவர், அதே 200 பேர் வரம்பு. மாறியது பொறுப்பு. உணவுக்கு எத்தனை பங்கு, மரத்துக்கு எத்தனை பங்கு என்று விகிதத்தைச் சொன்னால், குடிமக்கள் தாங்களே போய் வேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நல்ல மேஸ்திரி கிடைத்த வீட்டுக்காரரைப் போல, செங்கல் எண்ணுவதை விட்டுவிட்டு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கலாம். இதைச் சோம்பேறித்தனம் என்று முகம் சுளிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. எப்போது மரத்திலிருந்து தங்கத்துக்கு மாற வேண்டும் என்பது முடிவு. ஒவ்வொருவராகப் பிடித்து மரத்தருகே கொண்டுபோய் விடுவது விரல் வேலை. கன்சோல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டது. 2024-இல் ஏஜ் ஆஃப் மித்தாலஜி: ரீடோல்டு வந்தபோது இதே ஏற்பாடு கணினிப் பதிப்பிலும் இடம்பெற்றது. இரவல் வாங்கிய இடத்துக்கே திருப்பிக் கொடுக்கும் நிலைக்குக் கன்சோல் வந்திருக்கிறது.

தனியாக ஆடும் படையெடுப்புகளுக்கு இது போதுமானது, நிறைவானதும்கூட. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022-இல் வெளியான இந்திய விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழனின் கதை இருக்கிறது. அதைச் சோபாவில் சாய்ந்தபடி கன்ட்ரோலரில் ஆடி முடிக்கலாம், எதையோ இழந்துவிட்டோம் என்ற உணர்வு வராது. நேருக்கு நேர் மோதும் போட்டியில் நிலைமை வேறு. சண்டையின் நடுவே காயம்பட்ட குதிரையை மட்டும் பின்னுக்கு இழுப்பது, பறந்துவரும் கல்லைக் கண்டு வில்லாளிகளை இரண்டாகப் பிளப்பது போன்றவற்றை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அங்கே 1978-இன் அளவீடு மறுபடி தலைதூக்குகிறது. எக்ஸ்பாக்ஸிலேயே மவுஸும் கீபோர்டும் இணைத்து ஆடலாம் என்பதால், எந்தப் பெட்டி என்று பார்த்துத் தரவரிசை போடுவது அநியாயம். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இதற்கு முன்பே, 2008-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட எண்ட்வார் அம்புக்குறியையே ஒதுக்கிவிடப் பார்த்தது. இத்தனையாவது யூனிட், இன்ன செயல், இன்ன இலக்கு என்று மைக்கில் சொன்னால் படை நகரும். ஒரு முனையைப் பார்த்தபடியே இன்னொரு முனைக்கு ஆணையிடலாம். தாவும் சிக்கலுக்கு இவ்வளவு நேரடியான விடை வேறெதுவும் வந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் இருந்த போர் மெலிந்தது. ஹெலிகாப்டர் டாங்கியை வெல்லும், டாங்கி கவச வண்டியை வெல்லும், கவச வண்டி ஹெலிகாப்டரை வெல்லும் என்ற சுழற்சியைத் தாண்டி அதில் அதிகம் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே வேறொரு பாதை திறந்திருந்தது. டெக்னோசாஃப்ட் 1989-இல் மெகா டிரைவுக்குச் செய்த ஹெர்ட்சாக் ஸ்வை, கட்டளைகளால் படை நடத்தும் விளையாட்டுகளின் மூதாதை என்று கருதப்படுகிறது. அது பிறந்ததே கன்சோலில். ஆட்டக்காரருக்கு அதில் ஓர் உடல் இருந்தது: விமானமாகவும் எந்திர மனிதனாகவும் மாறும் ஊர்தி. டாங்கியை வாங்கும்போதே அதற்கான ஆணையையும் வாங்க வேண்டும்; ஆணையை மாற்ற நேரில் பறந்துபோய்த் தூக்க வேண்டும். கவனத்தின் பஞ்சத்தை மறைக்காமல், அதையே விதியாக்கியது. தொலைவு என்பது எரிபொருளும் நேரமும். நின்டெண்டோவின் பிக்மின் 2001-இல் இதே வழியில் நடந்தது. ஒரு தலைவன், அவன் பின்னால் 100 குட்டி உயிர்கள் வரை. இரண்டாம் பாகத்தில் தலைவர்கள் இருவர், மூன்றாம் பாகத்தில் மூவர். ஒரே நேரத்தில் பல இடத்தில் இருக்க வேண்டிய தேவையை உடல்களைக் கூட்டியே எட்டிப்பிடித்தார்கள்.

உடல் தந்தால் பார்வை சுருங்கும், முழுக் களத்தையும் மேலிருந்து ஆளும் சுகம் போகும் என்பது உண்மை. ஆனாலும் மவுஸை நினைத்து ஏங்காத ஒரே வழி இதுதான் என்பதால், என் வாக்கு இதற்கே. இணையம் வந்த பிறகு ஸ்டார்கிராஃப்ட் 64 போலத் திரையைப் பிரிக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. எதிரியின் ரகசியம் எதிரியின் வீட்டிலேயே இருக்கும். 2017-இல் பாக்கெட்வாட்ச் கேம்ஸ் என்ற சிறு குழு, டூத் அண்ட் டெயில் விளையாட்டில் கொடி ஏந்திய ஒரு தலைவனைக் களத்தில் ஓடவிட்டு, உடல் தரும் இந்த வழியைச் செய்து காட்டியது. ஹாலோ வார்ஸுக்கும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கும் கிடைத்த பணமும் ஆட்களும் இந்த வழிக்கும் கிடைக்க வேண்டும்.